மின்சைக்கிள்: வாங்கும் முன், ஓட்டும் முன், சார்ஜ் போடும் முன்

உணவு விநியோகம் செய்பவர்கள், சந்தைக்குப் போய்வரும் முதியவர்கள், ரயில் நிலையத்துக்கும் வேலையிடத்துக்கும் இடையே தினமும் ஓடுபவர்கள் எனப் பலரும் இன்று மோட்டார் துணையுடன் ஓடும் சைக்கிளை நாடுகிறார்கள். பெட்ரோல் செலவு இல்லை. மேட்டில் மூச்சு வாங்காது. வேர்த்து விறுவிறுத்து வேலைக்குப் போய் நிற்க வேண்டியதில்லை.

ஆனால், ‘மின்சைக்கிள்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படும் வண்டிகள் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றைச் சட்டம் சைக்கிளாக ஏற்றுக்கொள்கிறது. பலவற்றைப் பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனமாகப் பார்க்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கியவர்களுக்கு அபராதமும் பறிமுதலும் வருகின்றன. அதைவிடப் பெரிய இழப்பு, காப்புறுதி இல்லாமல் நேரும் விபத்தும், வீட்டுக்குள் சார்ஜ் போடும்போது பற்றும் தீயும்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த வண்டியை வாங்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

கப்சாய்க்கு முன்னோடி

சைக்கிளில் மோட்டார் பொருத்துவது புதிய யோசனை அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பல நாடுகளில் கார் வாங்க வசதி இல்லை, பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு. அப்போது சைக்கிளிலேயே சின்ன இயந்திரத்தைப் பூட்டி ஓட்டும் பழக்கம் பரவியது. பிரான்சில் 1946-இல் விற்பனைக்கு வந்த ‘வெலோசொலெக்ஸ்’ அத்தகைய வண்டி. அதன் இயந்திரம் முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். ஓர் உருளை டயரில் உரசிச் சக்கரத்தைச் சுழற்றும்.

அதே ஆண்டில் ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா, ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தர வைத்திருந்த சிறிய இயந்திரங்களை வாங்கிச் சைக்கிள்களில் பொருத்தி விற்றார். 1952-இல் ஹோண்டா நிறுவனம் ‘கப் எஃப்’ என்ற இயந்திரத்தை வெளியிட்டது. சாதாரண சைக்கிளின் பின் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளலாம். அந்த வழியில் வந்ததுதான் 1958-இல் வெளியான ‘சூப்பர் கப்’. மலேசியாவில் எல்லாரும் சொல்லும் ‘கப்சாய்’ என்ற பெயர்கூட அந்தக் ‘கப்’ என்ற சொல்லோடு கெண்டனீஸ் மொழியில் சிறியது எனப் பொருள்படும் ‘சாய்’ சேர்ந்து வந்தது என்பார்கள்.

தோட்டப்புறத்தில் பால்மரக் காட்டுக்குச் சைக்கிளில் போனவர்கள் பின்னர் கப்சாய்க்கு மாறிய கதை பல குடும்பங்களில் உண்டு. சைக்கிளில் மாட்டிய இயந்திரமாகத் தொடங்கியது, வளர்ந்து முழு மோட்டார் சைக்கிளானது. வேகம் கூடக் கூட உரிமம், பதிவு, சாலை வரி, காப்புறுதி, தலைக்கவசம் ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இன்றைய மின்சைக்கிளும் அதே பாதையில் நிற்கிறது. எதுவரை அது சைக்கிள், எங்கிருந்து அது மோட்டார் சைக்கிள் என்பதே இப்போதைய விதிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

மிதித்தால் மட்டும் உதவும் வண்டி

1993-இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் ‘பாஸ்’ என்ற சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் மிதி-உதவி மின்சைக்கிள் அதுதான். அதற்கு முந்திய வண்டிகளிலிருந்து அது ஒரு விஷயத்தில் வேறுபட்டது. ஓட்டுபவர் மிதித்தால்தான் அதன் மோட்டார் ஓடும். மிதியில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதை ஓர் உணர்கருவி அளக்கும். அதற்கேற்ப மோட்டார் கைகொடுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும்.

சாதாரண உடல்வாகு உள்ள ஒருவர் நிதானமாக மிதிக்கும்போது சுமார் 75 முதல் 100 வாட் வரை சக்தி தருகிறார். 250 வாட் மோட்டார் அதனுடன் சேர்ந்தால், மேடு சமவெளி போலத் தெரியும். முட்டிவலி உள்ள முதியவருக்கும், முதுகில் உணவுப் பை சுமப்பவருக்கும் இது பெரிய உதவி.

இந்த வகைக்கு மாறாக, கைப்பிடியை முறுக்கினாலோ பொத்தானை அழுத்தினாலோ மிதிக்காமலே ஓடும் வண்டிகளும் உள்ளன. அவற்றில் மிதி இருக்கும், ஆனால் பெயருக்குத்தான். கடைக்காரர் இரண்டையும் ‘மின்சைக்கிள்’ என்றே சொல்வார். சட்டம் அப்படிச் சொல்வதில்லை.

மின்கலம் எனப்படும் பேட்டரி, மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி, மிதி உணர்கருவி ஆகிய நான்கும் இந்த வண்டியின் முக்கிய உறுப்புகள். வேகம் வரம்பை எட்டியதும் மோட்டாரை நிறுத்துவது கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. சட்டவிரோதமாக வண்டியை மாற்றுபவர்கள் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

ஏன் இவ்வளவு மவுசு?

நெதர்லாந்து சைக்கிளுக்குப் பெயர்போன நாடு. அங்கு 2021-இல் விற்ற புதிய சைக்கிள்களில் பாதிக்கு மேல் மின்சைக்கிள்கள். சீனாவில் மின்சார இருசக்கர வண்டிகள் கோடிக்கணக்கில் ஓடுகின்றன.

சிங்கப்பூரில் இந்த வண்டி பரவியதற்குத் தனிக் காரணம் உண்டு. உணவு விநியோக ஊழியர்கள் பலர் முன்பு மின்ஸ்கூட்டரில் நடைபாதை வழியே ஓடினார்கள். பாதசாரிகள் காயமடைந்த சம்பவங்கள் பெருகின. 2019 செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதியதில் சைக்கிளில் சென்ற மூதாட்டி ஒருவர் இறந்தார். அந்த ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்தது. பிழைப்பு பாதிக்கப்பட்ட விநியோக ஊழியர்களுக்கு உதவ 70 லட்சம் வெள்ளி மானியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மின்ஸ்கூட்டரை ஒப்படைத்து மின்சைக்கிள் வாங்கியவர்களுக்கு 1,000 வெள்ளி வரை கிடைத்தது. அதன் பிறகு விநியோகத் தொழிலில் மின்சைக்கிள் வழக்கமான வண்டியாகிவிட்டது.

செலவும் ஒரு காரணம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆக அரை யூனிட் மின்சாரம்கூடத் தேவைப்படாது. மிதிப்பவரின் எடை, சாலை, காற்று ஆகியவற்றைப் பொறுத்து அதில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போடுபவருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

சிங்கப்பூரில் என்ன விதி?

சிங்கப்பூரில் மின்சைக்கிளுக்கு விதிகள் தெளிவாக உள்ளன. நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்கும் வண்டிக்கு இருக்க வேண்டிய தன்மைகள் இவை:

• மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவ வேண்டும். முறுக்கி ஓட்டும் கைப்பிடி கூடாது.
• மோட்டாரின் தொடர் சக்தி 250 வாட்டைத் தாண்டக்கூடாது.
• மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும்.
• வண்டியின் எடை 20 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது.
• ‘இஎன் 15194’ என்ற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும்.

தகுதி பெற்ற வண்டியில் ஆணையத்தின் செம்மஞ்சள் நிற முத்திரை இருக்கும். முத்திரை உள்ள வண்டியை மட்டுமே பதிவு செய்ய முடியும். பதிவு 2017 ஆகஸ்டில் தொடங்கியது. பதிவு எண் தகடு பொருத்திய பின்னரே ஓட்டலாம். ஓட்டுபவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து, இணையவழிக் கோட்பாட்டுத் தேர்வில் தேறிச் சான்றிதழ் வைத்திருப்பதும் கட்டாயம். தேர்வுக் கட்டணம் 10 வெள்ளி.

எங்கே ஓட்டலாம் என்பதிலும் குழப்பம் வேண்டாம். மின்சைக்கிளைச் சாலையிலும் சைக்கிளோட்டப் பாதையிலும் ஓட்டலாம். நடைபாதையில் ஓட்டவே கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். விரைவுச்சாலையிலும் அனுமதி இல்லை. சைக்கிளோட்டப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். சாலையில் ஓட்டும்போது தலைக்கவசம் கட்டாயம்.

புளோக்கின் கீழ்த்தளத்தில், பேருந்து நிறுத்தத்தின் பின்னால், பள்ளி விடும் நேரத்தில் நடைபாதையில் என்று பழக்கத்தில் ஓட்டிப் பிடிபடுபவர்கள் பலர். “அவசர ஆர்டர்” என்ற காரணத்தை அதிகாரிகள் ஏற்பதில்லை.

வெளிநாட்டு இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று முத்திரை இல்லாத வண்டியை இறக்குமதி செய்பவர்களும் உண்டு. அதைப் பதிய வழியில்லை. ஓட்டினால் வண்டி பறிபோகும். நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமானால் கடும் அபராதமோ சிறையோ விதிக்கப்படலாம்.

மலேசியாவில் என்ன நிலை?

மலேசியாவில் சாலைகளில் ஓடும் சிறு மின்வாகனங்கள் மீது கட்டுப்பாடு உண்டு. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் டத்தோஸ்ரீ வீ கா சியோங் 2022 ஏப்ரலில் அதை அறிவித்தார். நுண் நகர்வு வாகனங்கள் எனப்படும் மின்ஸ்கூட்டர் போன்றவை பொதுச் சாலையில் ஓடத் தடை செய்யப்பட்டன. கார், லோரி, மோட்டார் சைக்கிள் ஓடும் சாலையில் இவை கலந்தால் ஆபத்து என்பதே காரணம்.

மிதிக்காமல், கைப்பிடியை முறுக்கி ஓட்டும் மின்சார இருசக்கர வண்டி மோட்டார் சைக்கிளைப் போன்றது. பெட்ரோல் இல்லை என்பதால் அது விதிவிலக்கு ஆகிவிடாது. சாலையில் ஓட வேண்டுமானால் வாகன வகைக்கான ஒப்புதல், ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு, எண் தகடு, காப்புறுதி, ஓட்டுபவருக்கு உரிமம், சிரிம் முத்திரை பெற்ற தலைக்கவசம் எல்லாம் வேண்டும். தாமானுக்குள்தானே, கடைத்தெரு வரைதானே என்ற சமாதானம் செல்லாது. தாமான் சாலையும் பொதுச் சாலைதான்.

இதில் பலர் கவனிக்காத இடம் காப்புறுதி. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி மோட்டார் வாகனம் ஓட்ட மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். பதிவே இல்லாத வண்டிக்கு அந்தக் காப்புறுதியை வாங்க முடியாது. அத்தகைய வண்டியில் போகும்போது ஒரு பாதசாரிமீது மோதிவிட்டால், அவருடைய மருத்துவச் செலவும் இழப்பீடும் ஓட்டியவர் தலையில் விழும். குறைந்த வருமானமுள்ள ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் கடனில் தள்ள அந்த ஒரு விபத்து போதும்.

ஆகவே மலேசியாவில் வாங்குபவர்கள் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல், வண்டியின் வகையையும் ஒப்புதலையும் எழுத்தில் கேட்க வேண்டும். ‘லைசென்ஸ் வேண்டாம், ரோட் டேக்ஸ் வேண்டாம்’ என்று விளம்பரம் செய்யும் வண்டி, மணிக்கு 40, 50 கிலோமீட்டர் போகும் என்றும் சொன்னால், அங்கேயே சந்தேகம் வர வேண்டும். பணம் கட்டும் முன் அருகிலுள்ள ஜேபிஜே அலுவலகத்தில் வண்டியின் விவரத்தைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

25 கிலோமீட்டர் வரம்பு எதற்கு?

ஐரோப்பிய நாடுகளும் சிங்கப்பூரும் மோட்டார் உதவிக்கு மணிக்கு 25 கிலோமீட்டரையே வரம்பாக வைத்துள்ளன. சீனாவின் தரமும் அதே வேகத்தையே சொல்கிறது. ஜப்பானில் 24 கிலோமீட்டரில் உதவி முழுதும் நின்றுவிடும். இத்தனை நாடுகள் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்பதற்குக் காரணம் உண்டு. உடல் வலு உள்ள ஒருவர் மோட்டார் இல்லாத சைக்கிளில் எட்டக்கூடிய வேகம் அது. சைக்கிளின் பிரேக், டயர், சட்டகம் எல்லாம் அந்த வேகத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் சுமார் 7 மீட்டர் கடக்கும். ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்தால், அதற்குள் வண்டி 10 மீட்டர் ஓடிவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அது 20 மீட்டருக்கு மேல். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் தனி. மழை பெய்தால் அது இன்னும் நீளும்.

கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றி வேக வரம்பை நீக்குவதும், பெரிய பேட்டரி பொருத்துவதும், முறுக்குக் கைப்பிடி சேர்ப்பதும் இளையர்களிடையே காணப்படும் பழக்கம். இதனால் கெடுவன மூன்று. முதலாவது, அந்த நிமிடமே வண்டி சட்டத்தின் பார்வையில் சைக்கிள் என்ற தகுதியை இழக்கிறது. இரண்டாவது, பிரேக்கும் சட்டகமும் தாங்காத வேகத்தில் வண்டி ஓடுகிறது. மூன்றாவது, பேட்டரியிலிருந்து அளவுக்கு மீறிய மின்சாரம் இழுக்கப்பட்டுச் சூடேறுகிறது. சாலையில் தப்பியவர் வீட்டில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

மின்சைக்கிளில் உள்ளது பெரும்பாலும் லித்தியம்-அயன் பேட்டரி. கைத்தொலைபேசியில் இருப்பதும் அதே வகைதான். ஆனால் அளவு வேறு. சாதாரண மின்சைக்கிள் பேட்டரியில் அடங்கும் ஆற்றல், ஒரு தொலைபேசி பேட்டரியில் உள்ளதைப்போல் 20 மடங்குக்கு மேல்.

பேட்டரிப் பெட்டிக்குள் பல சிறிய மின்கலங்கள் வரிசையாக இருக்கும். அடிபட்டதாலோ, ஈரம் புகுந்ததாலோ, தரக்குறைவாலோ, பொருந்தாத சார்ஜராலோ ஒரு மின்கலம் அளவுக்கு மீறிச் சூடானால், அந்தச் சூடு பக்கத்து மின்கலத்துக்குப் பரவும். பிறகு அது ஒன்றையொன்று பற்றிக்கொண்டு போகும். சில வினாடிகளில் நச்சுப் புகையும் தீயும் பீறிடும். அணைந்ததுபோல் தெரிந்து மீண்டும் பற்றுவதும் உண்டு.

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் கணக்கின்படி, மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் உள்ளிட்ட நடமாட்டச் சாதனங்களால் நேர்ந்த தீச்சம்பவங்கள் 2023-இல் 55. 2024-இல் அது 67 ஆக உயர்ந்தது. நியூயார்க் நகரில் 2023-இல் மட்டும் லித்தியம்-அயன் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் அங்கு பாதுகாப்புச் சான்று பெறாத மின்சைக்கிளை விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது. சீனாவின் நான்ஜிங் நகரில் 2024 பிப்ரவரியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் 15 பேர் தீயில் மாண்டனர். தரைத்தளத்தில் மின்சார வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்த இடத்திலிருந்து தீ தொடங்கியது.

அடுக்குமாடி வீட்டில் பெரும்பாலும் ஒரே வாசல்தான். மின்சைக்கிளை வாசலை ஒட்டி வைத்துச் சார்ஜ் போடுவதுதான் பலருக்கும் வசதி. தீப்பற்றினால் அடைபடுவதும் அதே வாசல்தான். தீ சிறியதாக இருந்தாலும் உள்ளே உள்ளவர்கள் வெளியேற வழி இருக்காது. ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே கவனம் தொடங்க வேண்டும்.

சார்ஜ் போடும்போது கவனிக்க வேண்டியவை:

• வாசல், படிக்கட்டு, நடைவழி ஆகிய இடங்களில் சார்ஜ் போடக்கூடாது. மெத்தை, திரைச்சீலை, செய்தித்தாள் கட்டு, சாமி விளக்கு ஆகியவற்றுக்கு அருகிலும் கூடாது.
• இரவு தூங்கும்போதும், வீட்டில் ஆள் இல்லாதபோதும் சார்ஜ் போடக்கூடாது. நிறைந்ததும் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.
• வண்டியோடு வந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு சார்ஜரைச் செருகக்கூடாது. அதன் வோல்ட் அளவு வேறாக இருக்கலாம்.
• பல பிளக்குகள் செருகிய நீட்டிப்புக் கம்பியில் போடாமல் நேரடியாகச் சுவர் பிளக்கில் போட வேண்டும்.
• வெயிலில் ஓட்டி வந்த பேட்டரியை உடனே சார்ஜ் போடாமல், சூடு தணியும்வரை காத்திருக்க வேண்டும்.
• பேட்டரி உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ, கீழே விழுந்து அடிபட்டிருந்தாலோ அதைத் தொடர்ந்து பயன்படுத்தக்கூடாது.
• வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை வெயிலில் காயவைத்துச் சார்ஜ் போடுவது மிக ஆபத்து. வெளியே காய்ந்திருந்தாலும் பேட்டரிக்குள் நீர் புகுந்திருக்கலாம். ஆண்டுதோறும் வெள்ளம் ஏறும் கம்பங்களிலும் தாமான்களிலும் இருப்பவர்கள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும்.
• பழைய மின்கலங்களைச் சேர்த்து ஒட்டிய ‘ரீகண்டிஷன்’ பேட்டரி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தீப்பற்றிவிட்டால் வண்டியைக் காப்பாற்ற முயலக்கூடாது. பேட்டரியைத் தூக்கி வெளியே எறியப் போவதும் ஆபத்து. வீட்டில் உள்ள எல்லாரும் வெளியேறி, முடிந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு, சிங்கப்பூரில் 995 எண்ணையும் மலேசியாவில் 999 எண்ணையும் அழைக்க வேண்டும்.

கெட்டுப்போன பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. குப்பை லோரியில் நசுங்கினால் அங்கேயும் பற்றிக்கொள்ளும். சிங்கப்பூரில் 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுச் சேகரிப்புத் திட்டம் மின்சைக்கிளையும் உள்ளடக்கியது. மலேசியாவில் விற்ற கடையிலோ, உரிமம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடமோ ஒப்படைக்கலாம்.

சாலையில் ஓட்டும்போது

மலேசியாவில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதே சாலையில், அதைவிட மெதுவாக, அதைவிடச் சிறிய விளக்கோடு போகும் வண்டி மின்சைக்கிள். லோரி ஓட்டுநரின் கண்ணாடியில் அது சட்டென்று தெரியாது.

மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, தலைக்கவசம் மரண அபாயத்தை சுமார் 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை சுமார் 69 விழுக்காடும் குறைக்கிறது என்று 2008-இல் கணக்கிட்டது. மின்சைக்கிள் சவாரி கடைத்தெரு வரை மட்டும்தான் என்றாலும் தலைக்கவசம் வேண்டும். தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் விழும்போது கவசம் தனியே பறந்துவிடும்.

மின்சைக்கிள் சாதாரண சைக்கிளைவிட எடை கூடியது. பின்னால் உணவுப் பெட்டியும் ஏறினால் பிரேக் கட்டைகள் சீக்கிரம் தேயும். தினமும் ஓட்டுபவர்கள் வாரம் ஒருமுறை பிரேக், டயர் காற்று, சங்கிலி ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும். இரவில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். மழை வேளையில் ஒளிரும் மேலங்கி உதவும்.

இன்னொன்று, இந்த வண்டியில் சத்தம் இல்லை. பின்னால் வருவது பாதசாரிக்குக் கேட்காது. முதியவர்களோ பிள்ளைகளோ முன்னால் நடந்தால், தூரத்திலேயே மணியடித்து வேகத்தைக் குறைத்துப் போவதுதான் முறை.

விநியோக ஊழியர்களுக்கு

இந்த வண்டியைத் தொழிலுக்கு ஓட்டுபவர்கள் தங்களுக்கு உள்ள பாதுகாப்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2025 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த தள ஊழியர் சட்டத்தின்கீழ், செயலி வழி வேலை செய்யும் விநியோக ஊழியர்களுக்கு வேலையிடக் காய இழப்பீடு உண்டு. மலேசியாவில் சொக்சோவின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புத் திட்டம், 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. விநியோக ஊழியர்களும் அதில் சேரலாம். வேலையின்போது நேரும் விபத்துக்கு மருத்துவச் செலவு, தற்காலிக இயலாமைக்கான தொகை, மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கான உதவி ஆகியவை அதில் அடங்கும். சந்தா கட்டாமல் விட்டுவிட்டு விபத்துக்குப் பிறகு தேடிப் போவதில் பயனில்லை.

விபத்து நேர்ந்தால் சிறிய காயம் என்று விட்டுவிடாமல், போலிஸ் புகாரும் மருத்துவச் சான்றும் வாங்கி வைக்க வேண்டும். எந்த ஆர்டரை எடுத்துப் போகும்போது நேர்ந்தது என்பதைத் தொலைபேசித் திரையில் படம் எடுத்து வைத்தால் பின்னர் இழப்பீடு கேட்கும்போது உதவும்.

பெற்றோரும் பிள்ளைகளும்

பள்ளி விடுமுறையில் பிள்ளைக்கு மின்சார வண்டி வாங்கித் தருவது இப்போது பெருகிவருகிறது. பொம்மை போல் இருக்கிறது, மெதுவாகத்தான் ஓடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர் மின்சைக்கிள் ஓட்டக்கூடாது. மலேசியாவில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கவும் 16 வயது ஆக வேண்டும். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளை முறுக்கு வண்டியைச் சாலையில் ஓட்டி விபத்து நேர்ந்தால், வாங்கிக் கொடுத்த பெற்றோர் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரே வண்டியில் மூன்று பிள்ளைகள் ஏறிப் போவதைக் கண்டும் காணாமல் இருப்பது பெரியவர்களின் தவறு.

முதியவர்களுக்கு இந்த வண்டி நல்ல துணை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பல ஆண்டு சைக்கிள் ஓட்டாமல் இருந்தவர், மோட்டார் சட்டென்று இழுக்கும்போது தடுமாறுவார். முதல் சில நாட்கள் வாகனம் இல்லாத திடலில், மிகக் குறைந்த உதவி நிலையில் பழகட்டும். இரண்டு காலும் தரையில் ஊன்றும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். ஏறி இறங்கச் சிரமப்படுபவர்களுக்கு நடுக்குழாய் தாழ்ந்த வண்டி பொருத்தமாக இருக்கும்.

கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. மிதிக்காமல் ஓடுமா? ஓடும் என்றால் அது சைக்கிள் அல்ல.
2. மோட்டார் எத்தனை வாட்? எந்த வேகத்தில் உதவி நிற்கும்?
3. சிங்கப்பூர் என்றால் செம்மஞ்சள் முத்திரை எங்கே? மலேசியா என்றால் வகை ஒப்புதல் எழுத்தில் உண்டா?
4. பேட்டரி யாருடைய தயாரிப்பு? எந்தப் பாதுகாப்புத் தரம் அச்சிடப்பட்டுள்ளது?
5. அசல் சார்ஜர் பழுதானால் அதே மாதிரி மீண்டும் கிடைக்குமா?
6. பேட்டரி ஆயுள் முடிந்ததும் கடை திரும்பப் பெற்றுக்கொள்ளுமா?

பழைய வண்டி வாங்குபவர்கள் ஏழாவதாக ஒன்று கேட்க வேண்டும்: வேக வரம்பு நீக்கப்பட்டிருக்கிறதா? வாங்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 25 கிலோமீட்டரைத் தாண்டியும் மோட்டார் இழுத்துக்கொண்டே போனால், அந்த வண்டி மாற்றப்பட்டது. அதை வாங்கிய நாளிலிருந்து குற்றமும் அபராதமும் புதிய உரிமையாளருடையவை.

இந்த ஆறு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லும் கடைக்காரரின் வண்டி நூறு இருநூறு வெள்ளி கூடுதலாக இருக்கலாம். வாசல் ஒன்றே உள்ள வீட்டில், பிள்ளைகளும் பெரியவர்களும் தூங்கும் இடத்தில், அந்தப் பேட்டரிதான் ஒவ்வொரு நாளும் இருக்கப்போகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கூடுதல் தொகை பெரிதாகத் தெரியாது.